ராஜா வசனமும் கைத் தலகாணியும்

போன வாரம் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. "அக்கா, என் பேர் தீபா. உங்க சீட்லதான் இப்ப நான் உக்காந்திருக்கேன். கீபோர்டு முன்னாடி வைக்கிற கைத் தலகாணி ஒண்ணு வாங்கணும். ஜெல் நல்லதா, ஃபோம் நல்லதா, இல்ல மரமா? எல்லாத்தையும் வச்சுப் பாத்தவங்க நீங்கதான்னு மேடம் சொன்னாங்க. வலது கை லேசா இழுக்குது."

கடைசி வரியை அவள் போகிறபோக்கில் சேர்த்திருந்தாள். நான் அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம். விரல் வரவில்லை.

நான் ஓய்வு பெற்றவள். முப்பது வயதில் இதைச் சொன்னால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சிரிப்பார். ஆனால் தி.நகரில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், லட்டு கொடுத்தார்கள், சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஓய்வு பெறுகிறவர்களுக்கு அதற்கு மேல் என்ன செய்வார்கள்? தமிழ் டைப்பிங் என் வேலை. என் வலது கைச் சுண்டுவிரல் அந்த வேலைக்கு இனி வராது என்று சொல்லிவிட்டது. இந்தக் கட்டுரையைக்கூட நான் விசையில் அடிக்கவில்லை. போனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. மெய்யெழுத்துக்கு மேலே வரும் புள்ளிகளை எல்லாம் அதுவே வைத்துவிடுகிறது. அதைப் பார்க்கும்போது சந்தோஷம் வர வேண்டும். எனக்குக் களைப்புதான் வருகிறது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பட்டினப்பாக்கத்தில் வீடு. அம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறார். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தேன். படிக்கும்போதே மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் தமிழ் டைப்பிங் பழகினேன், பழைய டைப்ரைட்டர் வரிசையில். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பைபிள் வாசகம் படிப்பது சின்ன வயதிலிருந்தே என் பொறுப்பு. 'அவர்கள் எழுந்து அவருக்கு மறுமொழியாகச் சொன்னார்கள்' என்ற மாதிரியான தமிழைச் சத்தமாகப் படித்தே வளர்ந்ததால், எந்த எழுத்துக்கு ஒற்று வரும், எங்கே வராது என்று நான் யோசிக்க வேண்டியதில்லை. காதே சொல்லிவிடும். அதுதான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. அதுதான் வேலையிலிருந்து அனுப்பியும் வைத்தது.

எங்கள் ஆபீஸ் டிவி சீரியல் வசனங்களை டைப் செய்து கொடுக்கும் இடம். தி.நகரில் ஒரு பக்கத்துத் தெருவில், பொன்மணி மேடத்தின் வீட்டாருடைய புடவைக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. வசனம் எழுதுகிறவர்கள் கோடம்பாக்கத்திலிருந்து கையால் எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவார்கள், அல்லது குரலில் பேசி அனுப்புவார்கள். நாங்கள் அடித்து, ஒருமுறை வாய்விட்டுப் படித்து, திருப்பி அனுப்ப வேண்டும். அங்கே அதை அச்செடுத்து ஓர் உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வரி வரியாகச் சொல்வார், நடிப்பவர் வாங்கிப் பேசுவார். பிறகு அதே பக்கம் டப்பிங்குக்குப் போகும். பக்கம் வரும்வரை விளக்கு, கேமரா, மாலை போட்ட மாமியார் எல்லாம் காத்திருக்கும். அதனால் எங்கள் ஆபீஸில் 'கொஞ்சம் நேரம்' என்ற வார்த்தைக்கு மதிப்பு கிடையாது.

மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்து ஜவுளிக் குடும்பம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பின்னால் வந்து நிற்பார். நிற்கிறார் என்பது அவர் புடவைக் கஞ்சியின் வாசத்தில்தான் தெரியும். எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். மவுஸாக இருந்தாலும் சரி, மாத்திரை அட்டையாக இருந்தாலும் சரி, துணி பார்க்கிற மாதிரிதான். தேய்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்வார். "இது உரியும்." "இது சாயம் போவும்." ஒருமுறைகூடத் தப்பியதில்லை. இன்னொரு குணம், யாராவது வலி என்று சொன்னால் மறுநாள் அவர்கள் மேஜையில் ஒரு பொருள் இருக்கும். முதுகு என்றால் திண்டு, கண் என்றால் கண்ணாடி, கால் என்றால் சின்ன மணை. சொல்லாமல் கொள்ளாமல் வைத்துவிட்டுப் போய்விடுவார். அன்புதான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

நான் முதன்முதலில் மணிக்கட்டு வலிக்கிறது என்று சொன்னதன் மறுநாள், கீபோர்டுக்கு முன்னால் ஒரு நீளமான ரெக்ஸின் பட்டை இருந்தது. உள்ளே ஸ்பாஞ்சு. பக்கத்து சீட்டில் சதீஷ், சைதாப்பேட்டைக்காரன், எட்டிப் பார்த்துச் சொன்னான்.

"இன்னா ஜெனி, கைக்குத் தலகாணி போட்டுட்டாங்க? போர்வை எப்போ வருது?"

அன்றிலிருந்து அந்தப் பொருளுக்கு எங்கள் ஆபீஸில் அதுதான் பேர். கடையில் போய் ஆங்கிலப் பேரைச் சொல்லிக் கேட்கும்போதுகூட நாக்கு தலகாணி என்றுதான் ஆரம்பிக்கும்.

ரெக்ஸின் எனக்கு ஒரு கோடைகூட வரவில்லை. மத்தியானத்தில் ஏசியை நிறுத்திவிட்டு ஃபேன் போடுவது மேடத்தின் வழக்கம். வியர்வையில் கை ரெக்ஸினோடு ஒட்டிக்கொள்ளும். தூக்கினால் பிளாஸ்திரி உரிக்கிற சத்தம் வரும். சதீஷ் அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தான். கேரம் போர்டுக்குப் போடும் பவுடரை எடுத்து வந்து தூவினான். கை நன்றாகத்தான் வழுக்கியது. ஆனால் பவுடர் விசைகளுக்குள் இறங்கி, நான் 'ம' அடித்தால் மூன்று 'ம' வந்தது. அன்றைக்குச் சதீஷுக்கு உதவியாக நான் அடித்த, மாமியார் பாத்திரம் "மமமருமமமகளே" என்று கூப்பிடுகிற பக்கம் செட்டுக்குப் போய்விட்டது. அப்புறம் ரெக்ஸின் மேல்தோல் கறுப்புச் செதிலாக உரிந்து முழங்கை வரை ஒட்டியது. வீட்டுக்குப் போனால் அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இன்னாடி இது, நான் மீன் செதில் எடுத்துனு வரேன், நீ இன்னா செதில் எடுத்துனு வர்ற?"

வலியைப் பற்றிச் சொன்னேன்.

"பட்டன் அமுக்கினு கீறதுக்குக் கை நோவுதா? நல்லா கீது போ." சொல்லிக்கொண்டே தைலத்தை எடுத்துத் தேய்த்துவிட்டார். மீன் வாசமும் தைல வாசமும் கலந்து அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கு ஒரு பழக்கம், எதையாவது பிடித்துக்கொண்டால் அதன் அடி வரை போகாமல் விடமாட்டேன். தலகாணியைப் பிடித்துக்கொண்டேன். சனிக்கிழமை தோறும் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய் ஒவ்வொரு கடையிலும் இருப்பதை எல்லாம் அமுக்கிப் பார்ப்பேன். மதிப்புரைகள் படித்தேன். வீடியோ பார்த்தேன். ஜெல் வாங்கினேன். முதல் மணி நேரம் சொர்க்கம், குளிர்ச்சியாக இருக்கும். பிறகு உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கும். ஓரத்தில் ஒரு நகம் பட்டது, சில வாரத்தில் பிசின் கசிந்து மேஜையில் நத்தை போன தடம். துணி உறை போட்ட ஒன்று வாங்கினேன். தோலுக்கு அதைவிட இதமானது கிடையாது. ஆனால் மெட்ராஸ் ஈரத்தில் மழைக்காலம் முடிவதற்குள் ஊறிய பருப்பு வாசம் அடித்தது. ஆயுத பூஜைக்கு மேடம் எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும்போது அதற்கும் வைத்தார். அந்தக் குங்குமம் கடைசிவரை போகவில்லை. வருஷம் முழுக்கப் பொட்டு வைத்த தலகாணியில் கை வைத்து வேலை செய்தேன். மேடம் தன் பங்குக்கு மெத்தைக் கடையில் சொல்லி இலவம் பஞ்சில் ஒன்று தைத்து வரவழைத்தார். அது ஒரு மாதத்தில் கட்டி கட்டியாகி, நடுவில் பள்ளம் விழுந்து, குழந்தை படுத்து எழுந்த மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் வந்தது மெமரி ஃபோம். அதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் என்னை ஏமாற்றியது.

அதற்கு முன்னால் என் வேலை எப்படிப் பிரிந்திருந்தது என்று தெரிய வேண்டும். எங்களிடம் முக்கியமாக இரண்டு வகைச் சீரியல்கள். ஒன்று குடும்பச் சீரியல், அதைச் சதீஷ் அடிப்பான். இன்னொன்று சாமி சீரியல், புராணக் கதை, எல்லாம் செந்தமிழ். தேவர்கள், முனிவர்கள், ஓர் அசுர ராஜா. அந்த ராஜாதான் கதையே. அவர் பேச ஆரம்பித்தால் விளம்பரம் வந்துதான் நிறுத்தும். அதை எழுதுகிறவர் வேதாந்தம் சார், மயிலாப்பூர்க்காரர். என் தமிழ் சுத்தம் என்பதால் அந்தச் சீரியல் என்னிடம் வந்தது. வந்த நாளில் எனக்குப் பெருமையாக இருந்தது.

மெமரி ஃபோம் வாங்கிய அதே வாரத்தில் ராஜாவாக நடித்தவருக்குக் காய்ச்சல். சாமி சீரியல் படப்பிடிப்பு நின்றது. நான் சதீஷுடன் சேர்ந்து மாமியார் வசனம் அடித்தேன். கை வலி இறங்க ஆரம்பித்தது. பத்து நாளில் மணிக்கட்டு என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஃபோமின் அடர்த்தி, உயரம், கீபோர்டின் முன்விளிம்போடு அது சரியாகச் சமமாக இருப்பது எல்லாவற்றையும் எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு விளக்கினேன். மேடம் என் ஃபோமை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "ஒரு வருஷம் தாங்கும்" என்றார். எல்லா சீட்டுக்கும் வாங்கிப் போட்டார்.

ராஜாவுக்குக் காய்ச்சல் விட்டது. செட்டுக்கு வந்தார், பேசினார். மூன்றாவது நாள் என் வலி திரும்பிவிட்டது.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சதீஷின் பக்கத்தில் ஒரு வரி: 'அவங்க வந்துட்டாங்க, நீ உள்ள போ.' என் பக்கத்தில் அதே சந்தர்ப்பத்தில் காவலாளி சொல்கிறான்: 'அவர்கள் வந்துவிட்டனர், தாங்கள் உள்ளே எழுந்தருள்க.' சதீஷின் வரியில் ஐந்து புள்ளி. என் வரியில் பத்து. எங்கள் பழைய வரிசையில் புள்ளி விசை இருப்பது வலது சுண்டுவிரலுக்குக் கீழே. 'கி', 'மி' என்று எழுத்தின் தலையில் போடும் வளைவும் அதே விரலுக்குத்தான், ஒரு படி மேலே எட்டி அடிக்க வேண்டும். கையிலேயே பலம் குறைந்த விரலுக்கு, தமிழிலேயே அதிகமாக வருகிற அடி. மாமியார் பேசினால் அந்த விரல் பாதி வேலை செய்கிறது. ராஜா பேசினால் முழுசாக.

ஃபோம் ஒன்றும் செய்யவில்லை. நல்லதும் செய்யவில்லை, கெட்டதும் செய்யவில்லை. இல்லை, கெட்டது செய்தது. தலகாணி என்று பேர் வைத்துவிட்டதால் அடிக்கும்போதும் கையை அதில் படுக்க வைத்துவிட்டேன். கை படுத்துக்கொண்டது, சுண்டுவிரல் மட்டும் தனியாக எழுந்து எழுந்து குத்திக்கொண்டிருந்தது. கை முழுதாக நகர்ந்திருந்தால் அந்த விரலுக்கு அவ்வளவு பாடு இருந்திருக்காது.

கண்டுபிடித்த உற்சாகத்தில் அன்றைக்கே மேடத்திடம் போனேன்.

"மேடம், சாமி சீரியலை நானும் சதீஷும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மாத்திக்கிட்டா என்ன?"

"அவன் ஒரு பக்கத்துல எத்தன தப்பு விடுதான்னு உனக்குத் தெரியும்லா" என்றார் மேடம். "உன் தமிழ் சுத்தம்மா. வேதாந்தம் சார் உன் பேரச் சொல்லித்தான் அனுப்புதாரு."

"புள்ளி அதிகம் மேடம் அதுல. அதான் கை..."

"கை வலிக்கா இன்னும்?" உண்மையான கவலையோடு கேட்டார்.

மறுநாள் என் மேஜையில் தோல் உறை போட்ட ஒரு தலகாணி இருந்தது. நல்ல தோல். தேய்த்துப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார்.

சதீஷ் டீ குடிக்கும்போது என்னிடம் ரகசியமாகச் சொன்னான். "நாலு புள்ளி வுட்டுடு ஜெனி. அடுத்த வாரம் ராஜா வேற யார்கிட்டயாச்சும் போய்டுவாரு, மாமியார் உன்கிட்ட வந்துடுவா."

"வேணும்னே தப்பு விடச் சொல்றியா?"

"பின்ன? நான் இன்னா தமிழ் தெரியாமயா வுட்டுனு கீறேன்? திட்டு வாங்குனா காது நோவும். புள்ளி வச்சா கை நோவும். எது தேவலாம், நீயே சொல்லு."

நான் முயற்சி செய்து பார்த்தேன். நிஜமாகவே பார்த்தேன். 'மன்னன்' என்ற வார்த்தையில் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். பாதி வரி அடித்ததும் கண் தானாக மேலே போனது. வாசகம் படிக்கும்போது ஒரு வார்த்தை தப்பினால் கோயிலே திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. திரும்பிப் போய்ப் புள்ளியை வைத்தேன். அதற்கு இரண்டு விசை கூடுதல் வேலை.

சரி, புள்ளி தொடங்கும் இடத்திலேயே பேசிப் பார்ப்போம் என்று வேதாந்தம் சாருக்குப் போன் செய்தேன். அவர் எழுதுவதுதான் செந்தமிழ். பேசுவது முழுக்க மயிலாப்பூர் ஆத்துப் பேச்சு.

"சார், ஒரு சின்ன விஷயம். வசனத்துல 'அவர்கள்' கொஞ்சம் குறைக்க முடியுமா?"

"ஏன், அவா என்ன பண்ணினா?"

விளக்கினேன்.

"ஏம்மா, நான் எழுதறது உனக்கு வலிக்கறதா?"

"எழுத்து இல்ல சார், புள்ளி."

"அதுக்காக அசுரன் வந்து 'வந்துட்டாங்கப்பா'ன்னு பேசணுமா? சேனல்லேருந்து என்னைத்தான் ஆத்துக்கு அனுப்புவா."

"'வந்தார்கள்'க்குப் பதிலா 'வந்தனர்'னு வச்சா ஒரு புள்ளி மிச்சம் சார்."

அவர் சிரித்துவிட்டார். "நன்னா கணக்குப் போட்டிருக்கே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்து வந்த பக்கங்களில் ராணி நீளமாகக் கேள்வி கேட்கவில்லை. ராஜா பதிலே சொல்லவில்லை. 'ராஜா வாளைப் பார்க்கிறார்.' 'ராஜா சாளரம் வழியே பார்க்கிறார்.' 'ராஜா மீண்டும் வாளைப் பார்க்கிறார்.' ஒரு வாரம் முழுக்க அந்த அசுரன் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார். பிறகு சேனலிலிருந்து ராஜா ஏன் பேசமாட்டேன் என்கிறார் என்று கேட்டார்களாம். அதற்கடுத்த வாரம் அவர் சேர்த்து வைத்துப் பேசினார்.

அப்போதுதான் மரத்துக்கு வந்தேன். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு மரப் பட்டறை. வாசலில் நின்று அளவு சொன்னேன்.

"இன்னாமா, சப்பாத்திக் கட்டையா?" என்றார் ஆசாரி.

"இல்லண்ணா, கைக்குத் தலகாணி."

"கட்டைல தலகாணியா? யாருக்கு, எமனுக்கா?"

ஆனாலும் தேக்குத் துண்டு ஒன்றை எடுத்து, முன்விளிம்பை உருட்டி, கீபோர்டு பக்கம் உயரமாகவும் என் பக்கம் சரிவாகவும் இழைத்துக் கொடுத்தார். வார்னிஷ் வேண்டாம் என்றேன், எண்ணெய் மட்டும் போட்டார். தீபா கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் இதுதான். மரம் உரியாது, கசியாது, ஊறாது, குங்குமம் வைத்தால் துடைக்கலாம். கடினமாக இருப்பதுதான் அதன் நல்ல குணம். மெத்தென்று இருந்தால் கை படுத்துவிடும். மரத்தில் படுக்க மனம் வராது. வழுவழுப்பாக இருப்பதால் கை விரலோடு சேர்ந்து நகரும். மணிக்கட்டின் மடிப்பை அதில் வைக்கக் கூடாது, உள்ளங்கையின் அடிமேட்டைத்தான் வைக்க வேண்டும், அதுவும் அடிக்காத நேரத்தில். இவ்வளவும் எனக்குத் தெரிந்தபோது சுண்டுவிரலில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு மரமரப்பு தொடங்கியிருந்தது, அது நின்றபாடில்லை.

மேடம் தேக்கைத் தேய்த்துப் பார்த்தார். ரொம்ப நேரம் தேய்த்தார். "இது உன் காலத்துக்கும் வரும்" என்றார்.

போர்க்களக் காட்சிகள் வந்தன. ஒரு மணி நேரச் சிறப்புப் பகுதி. ஆபீஸுக்கு அனுப்பித் திரும்ப வாங்க நேரம் இல்லை, டைப்பிஸ்ட் செட்டுக்கே வர வேண்டும் என்றார்கள். கோடம்பாக்கத்தில் ஒரு பழைய படப்பிடிப்பு ஃப்ளோரின் மூலையில், தெர்மாகோல் மலைக்குப் பின்னால், எனக்கு ஒரு பிளாஸ்டிக் மேஜை போட்டுக் கொடுத்தார்கள். மரத் தலகாணியைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். வேதாந்தம் சார் பக்கத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, வேட்டியின் நுனியைப் பிடித்தபடி சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ராஜா போருக்கு முன்னால் படைகளிடம் பேசுகிறார். படைகள் என்றால் முன்னால் பதினைந்து பேர், மற்றவர்கள் பிறகு கம்ப்யூட்டரில் வருவார்கள். ராஜாவாக நடித்தவருக்குத் தமிழ் தெரியாது. பெங்களூர்ப் பையன். உதவி இயக்குநர் சொல்லிக் கொடுப்பதில் கடைசி அசையை மட்டும் பிடித்துக்கொண்டு வாயசைப்பார். அது எனக்கு முன்பே தெரியும். ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்தது அன்றைக்குத்தான். நான் வைத்த ஒவ்வொரு புள்ளியும் அவர் வாயில் காற்றாகப் போய்க்கொண்டிருந்தது.

வசனம் மூன்று முறை மாறியது. இயக்குநர் கூடுதலாகக் கேட்டார், வேதாந்தம் சார் கூட்டினார். எறும்பு ஊர்வது எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. நின்றதும் நிம்மதியாக இருந்தது. வலி போய்விட்டது என்று நினைத்தேன். இன்னும் வேகமாக அடித்தேன்.

பக்கம் அச்சாகி வந்தது. உதவி இயக்குநர் கையில் வாங்கிப் படிக்க ஆரம்பித்து நின்றார். "இன்னாங்க இது, படிக்க வரல." வேதாந்தம் சார் வாங்கிப் பார்த்தார். நான் எழுந்து அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். பாதிப் பக்கத்துக்கு மேல் புள்ளியே இல்லை. 'மனனவன வநதான.' 'வாளகள எழடடும.' என் சுண்டுவிரல் விசையைத் தொட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அது தொடவே இல்லை, அல்லது தொட்டும் அமுக்கவில்லை. அதில் உணர்வே இல்லை.

யாராவது கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேதாந்தம் சார் காகிதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"ஓலைச்சுவடி மாதிரின்னா இருக்கு. அந்தக் காலத்துல ஓலையில புள்ளி வெக்க மாட்டா, தெரியுமோ? எழுத்தாணியால குத்தினா ஓலை கிழிஞ்சுடும்."

சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தார். நான் அதை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் பேனாவை எடுத்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் முழுக்கத் தன் கையாலேயே ஒவ்வொரு புள்ளியாக வைத்தார். பதினைந்து பேர் படை கிரீடத்தோடு டீ குடித்துக்கொண்டு காத்திருந்தது.

அடையாறில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். விரலை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்டார். "புள்ளி வைக்கிறேன்" என்றேன். கோலமா என்று கேட்டார். சில மாதம் விசையைத் தொடக் கூடாது என்றார். பிறகு திரும்பிப் போய், புள்ளி இடது கைக்கு வரும் வேறு வரிசையில் பழகிப் பார்த்தேன். எல்கேஜி குழந்தை போல ஒவ்வோர் எழுத்தாகத் தேடினேன். மேடம் பொறுமையாகத்தான் இருந்தார். படப்பிடிப்பு பொறுமையாக இல்லை. வேலையை விடுவதாக நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பொன்னாடையோடு மேடம் ஒரு பொட்டலமும் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் கார்க்கில் செய்த கைத் தலகாணி. புதுசாக வந்ததாம். விரல் நுனியால் தேய்த்துப் பார்த்தேன். இது உதிரும்.

இவ்வளவையும் யோசித்து முடித்த பிறகுதான் நேற்று தீபாவுக்கு இடது கட்டைவிரலால் ஒரு வரி அனுப்பினேன்.

"உனக்கு எந்த சீரியல்?"

உடனே பதில் வந்தது. "சாமி சீரியல் அக்கா. ராஜாவுக்குப் பையன் பிறந்து வளந்துட்டான், இப்ப ரெண்டு பேரும் பேசறாங்க. என் தமிழ் சுத்தமா இருக்குன்னு மேடம் எனக்கே குடுத்துட்டாங்க."

கடைசியில் ஒரு சிரிக்கிற முகம் போட்டிருந்தாள்.

"மாத்தி மாத்தி எடுத்துக்கலாம்னு மேடத்துக்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன் அக்கா. அடுத்த நாள் ஜெல் தலகாணி வந்துச்சு."

கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். அம்மா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு எடுத்து அனுப்பினேன்.

"நாளைக்கு ஒரு பக்கத்துல நாலு புள்ளி விட்டுடு. அடுத்த நாளும் விடு. திட்டுவாங்க, விட்டுடு. ராஜா வேற சீட்டுக்குப் போய்டுவாரு."

அவள் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. நின்றது. திரும்பக் காட்டியது. ரொம்ப நேரம் கழித்து வந்தது.

"ஐயோ அக்கா, அது மட்டும் என்னால முடியாது."

அந்த வரியில் எங்கெங்கே புள்ளி வர வேண்டுமோ அங்கெல்லாம் வைத்திருந்தாள்.

ஈக்காட்டுத்தாங்கல் மரப் பட்டறைக்கு வழி அனுப்பினேன். தேக்கு கேள், வார்னிஷ் வேண்டாம் என்று சொல், முன்விளிம்பை உருட்டச் சொல் என்று எழுதினேன். சப்பாத்திக் கட்டையா என்று கேட்பார், ஆமாம் என்று சொல்லிவிடு என்றும் எழுதினேன். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.